பர்ஸ்ட் கிளாஸ் ஏசியில் ரிடையர்டு ஆன ராணுவ நாய்! உழைச்சு முடிச்சவங்களுக்கு என்ன மரியாதை?

திருப்பூர்: ரயிலில் பர்ஸ்ட் கிளாஸ் ஏசி பெட்டி. மெத்தென்ற பெர்த். அதில் போர்வை போர்த்திக்கொண்டு நிம்மதியாக தூங்குகிறது ஒரு நாய்!

2024 மே மாதம் நாடு முழுக்க செல்போனுக்கு செல்போன் தாவிய படம் இது. நாயின் பெயர் மேரு. வயது 9. இந்திய ராணுவத்தின் 22வது நாய்ப் பிரிவில் மோப்பம் பிடித்து தடம் காட்டும் வேலை பார்த்தது. சர்வீஸ் முடிந்ததும், தன்னை பார்த்துக்கொண்ட ஜவானோடு உத்தரப் பிரதேசத்தில் உள்ள மீரட்டுக்கு கிளம்பியது. வேலை முடிந்த ராணுவ நாய்களுக்கான ஓய்வு இல்லம் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படத்தை பார்த்ததும் நம்ம ஊர் ஆள் என்ன கேட்பார்?

"ஏனுங்க, நாய்க்கு பர்ஸ்ட் கிளாஸ் ஏசியா? நாம தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ்சுல படிக்கட்டுல தொங்கிக்கிட்டு போறோம். தன்பாத் எக்ஸ்பிரஸ்ல வர்ற வடக்கத்தி பசங்க கக்கூஸ் ஓரமா குத்த வச்சு ரெண்டு நாள் உட்கார்ந்து வர்றாங்க. நாய்க்கு வந்த வாழ்வைப் பார்த்தீங்களா?"

நியாயமான கேள்விதான். சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆனால் அந்த பெர்த்துக்கு பின்னால் இருக்கிற கதையைக் கேட்டால், கேள்வி கொஞ்சம் மாறிவிடும். "நாய்க்கு ஏன் கொடுத்தாங்க" என்பது போய், "நமக்கு ஏன் இல்லை" என்று கேட்கத் தோன்றும்.

கூண்டுக்கு பதில் பெர்த்

முதலில் ஒரு விஷயம். ரயிலில் நாயை கொண்டு போக நமக்கெல்லாம் இரண்டே வழிதான். ஒன்று, கார்டு பெட்டியில் இருக்கிற இரும்புக் கூண்டு. இல்லாவிட்டால், பர்ஸ்ட் கிளாஸ் ஏசியில் ஒரு கேபினையோ, கூபேயையோ முழுசாக நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பர், சேர் கார், 3 ஏசி, எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை.

ஓய்வு பெற்ற ராணுவ நாயை ஜவானோடு பர்ஸ்ட் கிளாஸ் ஏசியில் அனுப்ப பாதுகாப்பு அமைச்சகம் தனியாக அனுமதி கொடுத்தது. அதனால்தான் மேரு கூண்டில் அடைபடாமல், தெரிந்த ஆள் பக்கத்திலேயே படுத்துப் போனது. வயசான நாய். புது இடம், புது வாசனை, தடதடவென்று சத்தம். கூண்டில் தனியாக அடைத்து அனுப்பினால் என்ன பாடுபடும்? வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு அது தெரியும்.

நாட்டைத் தெரியாது, ஆளைத் தெரியும்!

ராணுவ நாய் என்றால் அணிவகுப்பில் வருகிற நாய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேலை அதுவல்ல.

கண்ணிவெடி எங்கே புதைந்திருக்கிறது என்று முன்னால் போய் மோந்து பார்க்க வேண்டும். தீவிரவாதி ஓடிய தடத்தை பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் பதுங்கி இருக்கிறானா என்று ஜவானுக்கு முன்னால் உள்ளே நுழைய வேண்டும். பனிச்சரிவில் புதைந்த ஆளை தேட வேண்டும். மனுஷன் மூக்கில் வாசனை பிடிக்கிற செல்கள் சுமார் 60 லட்சம்தான். நாய்க்கு 30 கோடி வரை உண்டு. எந்த மெஷினும் அந்த மூக்குக்கு முழுசாக ஈடாகவில்லை.

மோப்ப நாயின் அருமை கொங்கு சீமைக்கு புதுசு அல்ல. 1998 பிப்ரவரி 14ம் தேதி கோவை குண்டுவெடிப்பை பார்த்த ஊர்க்காரர்கள் நாம். டிசம்பர் 6, ஆகஸ்ட் 15 வந்தால் திருப்பூர் ரயில் நிலையத்தில் போலீஸ் மோப்ப நாய் பிளாட்பாரத்தில் பார்சல் பார்சலாக மோந்து பார்த்துப் போவதை நின்று பார்த்திருக்கிறோம்.

இந்த நாய்களுக்கு மீரட்டில் உள்ள ராணுவ கால்நடைப் பிரிவின் மையத்தில்தான் பயிற்சி. அங்கே நாய் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1960ல். நாயோடு சேர்ந்து அதை நடத்துகிற ஜவானுக்கும் பயிற்சி உண்டு. அவரை ஹேண்ட்லர் என்பார்கள். சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, கூண்டை கழுவுவது, ரோமம் சீவி விடுவது, காலில் முள் குத்தினால் எடுத்து விடுவது, எல்லாம் அவர்தான்.

குண்டு வாசனை வந்தால் நாய் குரைக்காது. சத்தமில்லாமல் உட்காரும். சில நேரம் உட்காருவதற்கு முன்னால் வால் ஆட்டம் மாறும், மூச்சு மாறும், காது விறைக்கும். அதை புரிந்துகொள்ள வேண்டியது ஹேண்ட்லர். அவர் தப்பாக புரிந்துகொண்டால் நாயும் போச்சு, ஆளும் போச்சு. பின்னால் வருகிற பத்து ஜவான்களும் ஆபத்தில் மாட்டுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாய்க்கு நாடு தெரியாது. எல்லைக்கோடு தெரியாது. சம்பளம், மெடல், புரமோஷன் எதுவும் தெரியாது. வேலை முடிந்ததும் அந்த ஒரு ஆள் கொடுக்கிற பந்துக்காகவும், "சபாஷ்டா" என்று தட்டிக் கொடுப்பதற்காகவும் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறது. நாம் தேசபக்தி என்று சொல்வது அதற்கு அந்த ஜவானின் முகம்தான்.

உயிரைக் கொடுத்த நாய்கள்

பேச்சுக்கு சொல்லவில்லை. 2022 அக்டோபரில் காஷ்மீர் அனந்த்நாக் மாவட்டத்தில் நடந்த சண்டையில் ஜூம் என்ற நாய்க்கு 2 குண்டு பாய்ந்தது. அப்படியும் தீவிரவாதியை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவ கால்நடை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் அக்டோபர் 13ல் இறந்து போனது. வயது 2 தான்.

2023 செப்டம்பரில் ரஜோரி மாவட்டத்தில் கென்ட் என்ற 6 வயது பெண் லேப்ரடார் நாய், பறந்து வந்த தோட்டாவுக்கும் தன் ஹேண்ட்லருக்கும் நடுவில் போய் விழுந்தது. ஆள் பிழைத்தார். நாய் போய்விட்டது. மூவர்ணக் கொடி போர்த்தி அடக்கம் செய்தார்கள். 2024 அக்டோபரில் ஜம்மு அக்னூர் பகுதியில் பான்டம் என்ற நாயும் சண்டையில் இறந்தது.

சண்டையில் செத்தால் கொடி போர்த்தி மரியாதை. சரி... சாகாமல் வயசாகிவிட்டால்?

2015: ஒரே வருஷம், 2 செய்தி

இங்கேதான் நெஞ்சை பிசையும் கதை.

2015 ஆகஸ்ட். காஷ்மீர் குப்வாரா மாவட்டம், தங்தார் பகுதி. எல்லை தாண்டி வந்த கும்பலை மான்சி என்ற 4 வயது லேப்ரடார் நாய் மோப்பம் பிடித்துவிட்டது. கூடவே அதன் ஹேண்ட்லர், பிராந்திய ராணுவத்தைச் சேர்ந்த பஷீர் அகமது வார். நாய் மீது குண்டு பாய்ந்தது. பஷீர் பின்வாங்கி ஓடவில்லை. நின்று சண்டை போட்டார். 2 பேரும் அதே இடத்தில் உயிரை விட்டார்கள். மான்சிக்கு மரணத்துக்குப் பின் ராணுவத்தின் 'மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்' கவுரவம் கிடைத்தது. நாய்க்கு அந்த கவுரவம் என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது.

அதே 2015ல் இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு ராணுவம் கொடுத்த பதில் அது. வேலைக்கு ஆகாத நாய்களை ஊசி போட்டு முடித்து விடுவதுதான் வழக்கம் என்று தெரியவந்தது!

அதற்கு சொல்லப்பட்ட காரணங்கள்... ராணுவ முகாம், பாதுகாப்பு இடங்கள் எல்லாம் தெரிந்த நாய், தப்பானவர் கையில் சிக்கினால் ஆபத்து. அது மட்டுமில்லை, ராணுவம் கொடுக்கிற கவனிப்பை வெளியில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

விலங்கு நல ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள். டெல்லி ஐகோர்ட்டுக்கு விவகாரம் போனது. நாய்களை கொல்லாமல் காப்பாற்ற கொள்கை வகுக்கிறோம் என்று மத்திய அரசு கோர்ட்டில் சொன்னது. அதற்குப் பிறகுதான் காட்சி மாறியது. வேலை முடிந்த நாய்களுக்கு மீரட்டில் ஓய்வு இல்லம். வெளியாட்களுக்கு தத்து. தத்து எடுப்பவர் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2024ல் சில நாய்களை சிறப்புக் குழந்தைகள் படிக்கிற ராணுவ ஆஷா பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். காஷ்மீரில் குண்டு தேடிய நாய், இப்போது வாய் பேச வராத ஒரு குழந்தையின் மடியில் தலை வைத்துப் படுக்கலாம்.

ஆக, மேரு போன பர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் சும்மா கிடைத்த சொகுசு இல்லை. அதற்கு முன்னால் ஊசியில் முடிந்த எத்தனையோ நாய்களின் கணக்கு இருக்கிறது. யாரோ ஒருவர் கேள்வி கேட்டதால், யாரோ கோர்ட் படி ஏறியதால் வந்த டிக்கெட் அது.

அமெரிக்காவிலும் இதே கதைதான்!

"நம்ம நாட்டுலதான் இப்படி" என்று நினைத்துவிட வேண்டாம். வியட்நாம் போருக்கு அமெரிக்கா சுமார் 4 ஆயிரம் நாய்களை அனுப்பியது. திரும்பி வந்தவை சுமார் 200. மீதியில் சண்டையிலும் நோயிலும் செத்தவை போக, மற்றவற்றை அங்கேயே விட்டுவிட்டோ, ஊசி போட்டுவிட்டோ கப்பல் ஏறினார்கள். ராணுவ கணக்கில் நாய் ஒரு சாமான், அவ்வளவுதான்.

பின்னாளில் ராபி என்ற நாயின் ஹேண்ட்லர், "வயசான இந்த நாயை நான் வீட்டுக்கு கொண்டு போகிறேன்" என்று கெஞ்சினார். சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அந்த விவகாரம் பெரிதாகி, 2000 நவம்பரில் அதிபர் கிளின்டன் தத்து கொடுக்க அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்து போட்டார். அந்தச் சட்டத்தையே 'ராபி சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ராபிக்கு அது உதவவில்லை. உடம்பு மோசமாகி, 2001 ஜனவரியில் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் சட்டத்தில் மிஞ்சியது. பிற்பாடு வந்த திருத்தத்தில், தத்து கொடுக்கும்போது பழைய ஹேண்ட்லருக்கே முதல் உரிமை என்றும் எழுதி வைத்தார்கள்.

கல்லில் நிற்கும் கோவிவன்

ஆளும் நாயும் ஒருத்தருக்காக ஒருத்தர் நிற்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து கல். 7ம் நூற்றாண்டு. எருமைகளை காப்பாற்ற நின்று உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அந்தக் கல்லில் வீரனோடு சேர்த்து ஒரு நாயையும் செதுக்கி இருக்கிறார்கள். நாயின் பெயரும் கல்லிலேயே இருக்கிறது. கோவிவன்! 2 கள்ளர்களை கடித்து, காவல் காத்து நின்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்கு பெயரோடு கல் வைத்த ஊர் இது. இன்று நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களும் ராணுவப் பயிற்சிக்குப் போகின்றன. 2026 குடியரசு தின அணிவகுப்புக்கு ராணுவம் தேர்ந்தெடுத்த உள்நாட்டு நாய் இனங்களில் இந்த மூன்றும் உண்டு. போகும்போது கை தட்டுகிறோம். அவை கிழடாகித் திரும்பும்போதும் அதே கை தட்ட வேண்டும்.

"அப்போ தெரு நாய்?"

நாயைப் பற்றி நல்லதாக எழுதினால் திருப்பூரில் அடி விழும் என்பது தெரியும். இருக்காதா பின்னே? நைட் ஷிப்ட் முடிந்து டிவிஎஸ் 50ல் வருகிறவரை நாலு நாய் சேர்ந்து துரத்துகிறது. வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கம் பட்டியில் கட்டிய ஆடுகளை தெரு நாய்கள் கடித்துக் குதற, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராட்டமே நடத்தினார்கள். 2025 நவம்பர் 7ல் சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது. ஆட்டைப் பறிகொடுத்தவரின் கோபத்தில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்க. ஜூமும் நாய்தான், ஆட்டைக் கடித்ததும் நாய்தான். ஒன்றுக்கு பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். இன்னொன்றுக்கு யாரும் இல்லை. தெரு நாய்களில் எத்தனையோ, ஆசையாக வாங்கி வளர்த்து, வளர்ந்ததும் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிடப்பட்ட நாய்கள் பெற்ற குட்டிகள்தான். பொறுப்பு எடுக்க ஆள் இல்லாத நாய் ஊருக்கு தொல்லை. பொறுப்பு எடுத்த ஆள் இருந்தால் அதே நாய் காவல்.

ராணுவ நாய்க்கும் இதே ஆபத்துதான். சர்வீஸ் முடிந்த அன்றோடு "இதற்கு ஆள் யார்" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு பதில் இல்லாத காலத்தில்தான் ஊசி பதிலாக இருந்தது.

இன்னும் என்ன வேண்டும்?

ராணுவ நாய் வேலையில் இருந்து ஓய்வு பெறுவது பெரும்பாலும் 8 முதல் 10 வயதில். லேப்ரடார் நாயின் ஆயுள் 10 முதல் 12 வருஷம். கணக்கு போட்டால் ஓய்வு வாழ்க்கை 2 அல்லது 3 வருஷம்தான். அந்தக் கொஞ்ச நாளில் மூட்டு வலி, இடுப்பு வலி, கண் மங்கல் எல்லாம் வரும்.

இந்த 2, 3 வருஷம் யாரோடு? மீரட்டில் இடம் நல்ல இடம்தான். டாக்டர் உண்டு, சாப்பாடு உண்டு. ஆனால் ரயில் பயணம் முடிந்தால் ஜவான் பணிக்குத் திரும்ப வேண்டும். நாய்க்கு ஓய்வு, அவருக்கு பிரிவு. தினமும் காலையில் சோறு வைத்த கை அங்கே இல்லை.

எனவே செய்ய வேண்டியது மூன்று...

ஒன்று: நாயை தத்து எடுக்க அதை நடத்திய ஹேண்ட்லருக்கும், அவர் குடும்பத்துக்கும் முதல் உரிமை என்று சட்டமாகவே எழுத வேண்டும். கொள்கை ஒரு உத்தரவில் மாறலாம். சட்டம் அப்படி மாறாது.

இரண்டு: தத்துப் போன நாய்க்கு அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் கடைசி வரை இலவச வைத்தியம் வேண்டும். ஜவான் பென்ஷனில் குடும்பமும் ஓட வேண்டும், நாய்க்கு ஊசி மருந்தும் வாங்க வேண்டும் என்றால் அவருக்கு ஆசை இருந்தும் கை வராது.

மூன்று: தத்து எடுக்க நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு. வீட்டு வாசலில் நிறுத்தி போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதற்காக கேட்காதீங்க. வயசான நாய். நடக்க முடியாத நாளில் தூக்கி வெளியே விட ஆள் வேண்டும். முடியும் என்றால் மட்டும் கேளுங்க.

கேட்டில் நிற்கிறவர், டேபிளில் இருந்தவர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நாய்க்கு பர்ஸ்ட் கிளாஸ் ஏசியா?

உங்க கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவரை கேட்டுப் பாருங்க. பல இடங்களில் அவர் எக்ஸ் சர்வீஸ்மேன். 15, 17 வருஷம் எல்லையில் நின்றுவிட்டு, நாற்பது வயதுக்குள் ஊருக்கு வந்து, இங்கே 12 மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்காவது ராணுவ பென்ஷன் உண்டு.

ஓவர்லாக்கில் இருபது வருஷம் உட்கார்ந்த அக்காவுக்கு? கண் மங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் "நாளையிலிருந்து வேண்டாம்மா" என்று சொன்னால், சனிக்கிழமை சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. கட்டிங், அயனிங், சாயப்பட்டறை... எங்கும் இதே கதை. பீஸ் ரேட்டில் கம்பெனி கம்பெனியாக மாறியவர்களுக்கு பி.எப். தொடர்ச்சி இல்லை. 10 வருஷம் பிடித்தம் இருந்தால்தான் பென்ஷன். அந்த பென்ஷனுக்கும் குறைந்தபட்சம் மாசம் ஆயிரம் ரூபாய் என்று 2014ல்தான் வைத்தார்கள்.

நாய்க்கு கொடுத்ததை பறித்து நமக்குக் கொடுக்கச் சொல்வதா? அது அந்த ஜவானுக்கும் பிடிக்காது, நமக்கும் அழகு இல்லை. 2015 வரை "வேலைக்கு ஆகாததை வைத்து என்ன பண்றது" என்றுதான் நாய் விஷயத்திலும் பேசினார்கள். கேள்வி கேட்டதும் அந்தப் பேச்சு மாறியது. குண்டு தேடி அலைந்த மூக்குக்கு கடைசி காலத்தில் ஒரு போர்வையும், தெரிந்த முகமும் வேண்டும் என்று ஒரு அரசாங்கமே ஒத்துக்கொண்டது.

அது தப்பான முடிவு இல்லீங்க. பாதியில் நிற்கிற முடிவு.

உங்க பி.எப். நம்பர் உங்களுக்குத் தெரியுமா? கம்பெனி மாறும்போது பழைய கணக்கு புதுசோடு சேர்ந்ததா? இந்த சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அதைக் கேளுங்க. மேரு படத்தை பார்த்து எரிச்சல் படுவதை விட, அந்த டிக்கெட் நமக்கும் எப்போ என்று கேட்பதுதான் சரி.